கௌடியின் கோபுரத்துக்கு ஒரு காலை நேரம்

பார்சிலோனாவுக்கு விமான டிக்கெட் எடுத்த கையோடு சக்ராடா ஃபமீலியா என்ற பெரிய தேவாலயத்தின் இணையதளத்தைத்தான் திறந்தேன். அங்கே நாளோடு நேரத்தையும் குறித்துத்தான் டிக்கெட் தருகிறார்கள், அதுவும் இணையத்தில். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோபுரம் ஏறுவதற்கான இடங்கள் இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கோபுரத்தோடு சேர்த்து எடுத்தால் ஒரு கேள்வி வரும்: கிறிஸ்து பிறப்பு முகப்பா, சிலுவைப் பாடுகள் முகப்பா? ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பக்கம்தான். இதை முடிவு செய்யவே எனக்கு இரண்டு நாள் ஆனது. பாடுகள் முகப்பின் சிற்பங்களை 1987 முதல் செதுக்கியவர் சுபிராக்ஸ். சதையே இல்லாத, கோணல்மாணலான உருவங்கள். பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் 1882-ல் தொடங்கிய இந்தக் கோயிலை அடுத்த வருடமே கையில் எடுத்த கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி, 1926-ல் டிராம் மோதி இறப்பதற்குள் முழுதாகக் கண்டது ஒரே ஒரு மணிக்கோபுரத்தை. அது பிறப்பு முகப்பில் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்த மனிதரின் கண் பட்ட கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தையே எடுத்தேன்.

அம்மாவுக்குக் கோபுர டிக்கெட் எடுக்கவில்லை. மேலே போகத்தான் லிஃப்ட். இறங்குவது படியில், ஏறக்குறைய நானூறு படிகள், ஓர் ஆள் அகலம். முழங்கால் வலி உள்ளவர்களைத் தயவுசெய்து ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் அனுமதி கிடையாது. பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மழையோ பலத்த காற்றோ வந்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள், அதற்கான பணம் மட்டும் திரும்ப வரும். அதனால் ஊரில் தங்கும் கடைசி நாளுக்கு இதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

நேரம் குறிக்கும்போது நான் வெளிச்சத்தைத்தான் கணக்கில் வைத்தேன். கிழக்கே பிறப்பு முகப்புப் பக்கம் நீலமும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடிகள். மேற்கே சிவப்பும் ஆரஞ்சும். ஜோவான் விலா கிராவ் செய்தவை. காலையில் போனால் பச்சை, சாயங்காலம் போனால் நெருப்பு. வெயில் நன்றாக அடிக்கும் நாளாக இருந்தால் இரண்டுமே அற்புதம், நடுமதியத்தை மட்டும் தவிர்த்துவிடலாம். நாங்கள் காலை ஒன்பது மணியை எடுத்தோம், கோபுரத்துக்கு ஒன்பதே முக்கால்.

நடுக்கூடத்தில் தூண்கள் மரம்போல மேலே போய்க் கிளை பிரிகின்றன. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "நீ போயிட்டு வா, நான் இங்கயே இருக்கேன்."

லிஃப்ட் நின்ற இடத்திலிருந்து சில படிகள் ஏறினால் இரண்டு கோபுரங்களை இணைக்கும் சிறு கல்பாலம். ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்; முக்கால்வாசி நேரம் கல் இடுக்கு வழியாகத்தான் பார்க்கிறோம். ஆனால் கீழேயிருந்து பார்த்தபோது பச்சைப் பொட்டாகத் தெரிந்த சைப்ரஸ் மரச் சிற்பம் பாலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது, அதன்மேல் வெள்ளைப் புறாக்கள். சற்றுத் தள்ளி, கூரை முனைகளில் பளபளக்கும் கண்ணாடித் துண்டுகள் பதித்த பழக்கூடைகள். தெருவில் நிற்கிற யாருக்கும் சரியாகத் தெரியாத இடத்தில் இவ்வளவு வேலை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கும் படி நத்தைக்கூடுபோலச் சுற்றிச் சுற்றிப் போகிறது, நடுவில் வெறும் பள்ளம். வெளிச்சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தேன். கல் சொரசொரப்பாக, குளிர்ந்து இருந்தது. எனக்குப் பின்னால் வந்த பெரியவர் ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் நின்று மூச்சு வாங்கினார். அவருக்காக நானும் நின்றேன்.

கீழே வந்தபோது சூரியன் நகர்ந்திருந்தது. அம்மா அதே பெஞ்சில்தான் இருந்தாள். அவளது சந்தன நிறப் புடவை முழங்காலுக்குக் கீழே பச்சையாக மாறியிருந்தது. பக்கத்தில் இடம் தந்துவிட்டு, "அதுக்குள்ளயே வந்துட்டியா? கொஞ்சம் உக்காரு, இந்தப் பச்சை இன்னும் நகரும்" என்றாள்.