மூத்தவனின் ஐந்தரை கிலோ

போன ஜூனில் என் மூத்தவனுக்கு 15 வயது முடிந்தது. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 39 கிலோ. மிளகு மூட்டை நிறுக்கிற கடைத் தராசில்தான் ஏற்றிப் பார்த்தோம். கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காபி, மிளகு, மலைவாழைதான் பிழைப்பு.

விசேஷ வீட்டுக்குப் போனால் யாராவது அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ஏன்டா, உங்காத்தா சோறு போடுறதில்லையா?" என்பார்கள். விளையாட்டுக்குத்தான் சொல்வார்கள். ஆனால் அப்புறம் அவன் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வெயிலடிக்கிற நாளிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் இருந்தது குளிருக்காக இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

வத்தலக்குண்டில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். 18.5-க்குக் கீழே போனால் எடை குறைவு என்ற பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடை) கணக்கு பெரியவர்களுக்கானது, வளரும் பிள்ளையை வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். இவனுக்கு 15.2 வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரைபடத்தில் இந்த வயதுப் பையனுக்குக் கீழ்க்கோடு சுமார் 16. தைராய்டு, சர்க்கரை பார்த்தார்கள், கோளாறு இல்லை. குடற்புழு மாத்திரை கொடுத்தார். ஹீமோகுளோபின் 12.6. மலையில் வசிப்பவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே காட்டும், அதனால் இந்த அளவு போதாது என்று இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார்.

அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "என்ன சாப்பிடுறான்னு சொல்லாதீங்கம்மா, எத்தனை மணிக்குச் சாப்பிடுறான்னு சொல்லுங்க."

வரிசையாகச் சொன்னேன். காலையில் ஐந்தரைக்குக் கடுங்காப்பி. ஒன்றரை கிலோமீட்டர் மேடு ஏறி ஏழு மணி பஸ். பன்னிரண்டே முக்காலுக்கு டிபன் பாக்ஸ், அதிலும் பாதி திரும்பி வரும். சாயங்காலம் மறுபடி கடுங்காப்பி. ராத்திரி எட்டரைக்கு நாலு தோசை, சில நாள் ஐந்து. அந்தத் தோசையைப் பார்த்துத்தான் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். ராத்திரி எட்டரையிலிருந்து மறுநாள் பன்னிரண்டே முக்கால் வரை பதினாறு மணி நேரம் அவன் வயிற்றில் காப்பி மட்டும்தான். அந்தக் காப்பியும் பசியை அமுக்கிவிடுகிறது. சாப்பாட்டை ஒட்டிக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேருவதையும் குறைக்கும்.

சரி, மாற்றினோம். கடுங்காப்பிக்குப் பதில் பால். கூடவே ஒரு மலைவாழைப்பழம், ஒரு அவித்த முட்டை. மேடு ஏறும்போது தின்ன, பையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. வேர்க்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, ஒரு பிடி கொறித்தாலே 140 வந்துவிடும். ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடினால் போதும், ஒரே வேளையில் திணிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மத்தியானம் பள்ளிக்கூடச் சத்துணவில் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டேந்தி வரிசையில் நிற்கக் கூச்சம். நான் வற்புறுத்தவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேர் போக ஆரம்பித்ததும் தானாகவே போனான்.

பட்டர் ஃப்ரூட்டைப் (அவகாடோ) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காபிக்கு நடுவே எங்களுக்கு ஆறு மரம் நிற்கிறது. இத்தனை வருஷம் காய் முற்றியதும் மொத்தமாக வியாபாரிக்குப் போட்டுவிடுவோம், வீட்டுக்கென்று ஒன்றுகூட நிறுத்தியதில்லை. 100 கிராம் சதைப்பற்றில் 160 கலோரி, அதுவும் நல்ல கொழுப்பு. ஆவணியில் பத்து நாளைக்கு ஒரு கூடை ஒதுக்கி, அரிசிப் பானைக்குள் வைத்துப் பழுக்கவிட்டேன். நாட்டுச் சர்க்கரையும் பாலும் சேர்த்து மசித்தால் பையன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறான். "நம்ம காட்டுல விளையுறத நம்ம புள்ளைக்கே குடுக்காம இருந்துட்டமே" என்று என் மாமியார் அழுதேவிட்டார்.

எடை கூட்டுகிற பவுடர் டப்பா ஒன்றைத் தெரிந்தவர் வாங்கி வந்தார். என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அதில் சரியாக இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பசி எடுக்க என்று சிலர் வாங்கிக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடைன் மாத்திரையும் அடிப்படையில் அலர்ஜி மருந்துதான், தூக்கத்தில் ஆழ்த்தும். ஸ்டீராய்டு கலந்ததைத் தின்றால் முகம் உப்பும், வளர்ச்சி தடைப்படும். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

முதல் இரண்டு மாதம் ஒரு கிலோகூட ஏறவில்லை. எனக்குத்தான் தவிப்பு. "சாப்பிடு, சாப்பிடு" என்று பின்னாலேயே போனேன். ஒரு நாள் அவன், "யம்மா, நீங்க சொல்லாதீங்க, வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கிறேன்" என்றான். அன்றிலிருந்து அடுப்படி மேடையில் கடலைமிட்டாய் டப்பாவும் எள்ளுருண்டை டப்பாவும் திறந்தே இருக்கின்றன. டப்பா காலியாவதைப் பார்த்து நிரப்புவதோடு சரி.

இந்த மார்ச்சில் 44.5 கிலோ. உயரமும் 163 ஆகியிருக்கிறது. பி.எம்.ஐ. 16.7, கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. இன்னும் போக வேண்டியது இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறுதான் நிறுக்கிற நாள். இந்த ஞாயிறு ஒரே மழை, மூடுபனி, தராசுக்கடை திறக்கவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லியிருக்கிறான்.