ஆட்டினால் சத்தம் வரவேண்டும்

பள்ளியில் மரவேலை மாஸ்டர் புள்ளி போடுவதற்கு முன் நாங்கள் செய்த பெட்டியைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்ப்பார். அடிப்பலகை லேசாக 'டக் டக்' என்று ஆடவேண்டும், அதுதான் அவருக்குத் திருப்தி. ஆடுகிற பெட்டி என்ன பெட்டி என்று நாங்கள் பின்வாங்கில் இருந்து சிரிப்போம். என்னோடு படித்த உங்களில் பலர் அந்த அறையை மறந்திருப்பீர்கள். மரத்தூள் படிந்த ஜன்னல்கள், பல் உடைந்த இரண்டு வாள்கள், எப்போதும் கூராகவே இருந்த மாஸ்டரின் உளி. அந்த உளியைத் தொட எவனுக்கும் அனுமதி இல்லை.

தளபாடம் செய்து மிஞ்சிய துண்டுகள்தான் எங்களுக்கு மரம். தேக்கு, பலா, மகோகனி எல்லாம் ஒரே குவியலில் கிடக்கும். நான்கு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து வரிசை மாறாமல் அறுக்கச் சொல்வார். அப்போதுதான் மரத்தின் ரேகை மூலையில் மடங்கி அடுத்த பக்கத்துக்கு ஓடும். மூன்று மூலைகள் பொருந்தும், நாலாவது பொருந்தாது. "அதைப் பிணைச்சல் பக்கம் தள்ளிவிடடா, யார் பார்க்கப் போகிறான்?" என்பார். நுனிகளை 45 பாகையில் அறுப்பதுதான் பெரும்பாடு. வெட்டுக்கு அரைப் பாகை பிசகினால் எட்டு வெட்டில் நாலு பாகை சேர்ந்துவிடும், கடைசி மூலை வாயைப் பிளந்து நிற்கும். மேலும் கீழும் பலகை வைத்து முழுதாக மூடி ஒட்டிய பிறகு, சுற்றிவர அறுத்து மூடியைப் பிரிப்போம். முதல் தடவை பார்ப்பவனுக்கு வயிறு கலங்கும்.

பசை மூலைகளுக்கு மட்டும்தான். மேற்பலகையும் அடிப்பலகையும் பக்கப் பலகைகளில் வெட்டிய பள்ளத்துக்குள் சும்மா நிற்கவேண்டும். மாஸ்டர் இதைச் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் என் பெட்டி கிலுகிலுப்பை மாதிரி ஆடுவது எனக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பள்ளம் முழுக்கப் பசையை ஓடவிட்டேன்.

புள்ளி போடும் நாள் வந்தது. காதருகே வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. இன்னொரு முறை ஆட்டினார்.

"பசை போட்டாயா?"

"இல்லை மாஸ்டர். இறுக்கமாக அமைந்துவிட்டது."

என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் காய்ந்த பசை இருந்தது. ஒன்றும் சொல்லாமல் நூற்றுக்கு எழுபது போட்டார்.

பல வருடம் பெட்டிக்கு ஒரு கேடும் வரவில்லை. அவர் சொன்னது பொய் என்றே வைத்திருந்தேன். அப்புறம் துணிகளுக்கு நடுவே அது என்னோடு விமானம் ஏறியது. இங்கே முதல் குளிர்காலம், ஹீட்டர் இரவு பகலாக ஓடிய வீடு. ஒரு நடுச்சாமத்தில் 'படீர்' என்று சத்தம். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் அடிப்பலகை நீளவாட்டில் பிளந்திருந்தது.

கணக்கு பின்னால்தான் விளங்கியது. ஈரக் காற்றில் மரத்துக்குள் 14 சதவீதமளவு ஈரம் தங்கும், ஹீட்டர் ஓடும் வீட்டில் அது 6, 7க்கு இறங்கிவிடும். அந்த இறக்கத்தில் 20 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஒடுங்கும். நீளவாட்டில் அநேகமாக அசையாது. ஒடுங்க வழியில்லாமல் பசை பிடித்து வைத்தால் பலகை வேறென்ன செய்யும்?

அந்தப் பிளவுதான் என்னை மறுபடி மரத்திடம் கொண்டுவந்தது. வேலை ஓய்ந்த பிறகு பல மரம் கலந்த பெட்டிகள் செய்கிறேன். வெள்ளை மேப்பிள், கரும்பழுப்பு வால்நட், செக்கச் சிவந்த படாக். மூடிக்குக் கீலம் கீலமாக ஒட்டும்போது எல்லாவற்றின் ரேகையும் ஒரே திசையில் ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்கிறேன். சாண்ட்பேப்பரை நம்பி நான் கெட்டதும் உண்டு. படாக்கின் சிவப்புத் தூள் மேப்பிளின் துவாரங்களில் இறங்கி, ஒரு மூடி முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. இப்போது இரும்புத் தகட்டால் சுரண்டித்தான் மெருகேற்றுகிறேன்.

நிறமும் நிற்பதில்லை. ஊதா நிறத்துக்காகவே வாங்கிய பர்ப்பிள்ஹார்ட், ஜன்னலோரம் வைத்த பெட்டியில் பழுப்பாகிப் போனது. செர்ரி கறுக்கும், வால்நட் வெளுக்கும். ஜப்பானில் ஹகோனே கைவினைஞர்கள் சாயமில்லாமல் மரங்களின் சொந்த நிறத்தைக் கொண்டே கோலம்போலக் கட்டை ஒட்டி, அதைத் தாளளவு மெல்லிசாகச் சீவிப் பெட்டிமேல் பதிக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பள்ளிப் பெட்டி இன்னும் என் மேசையில் இருக்கிறது. மஞ்சளாக இருந்த பலா தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. பிளவை அடைக்க இரண்டு தரம் பசைக் குப்பியை எடுத்தேன், இரண்டு தரமும் வைத்துவிட்டேன். ஜனவரியில் அதற்குள் விசிட்டிங் கார்டு ஒன்று நிமிர்ந்து நிற்கும். ஆகஸ்டில் தாள்கூட நுழையாது.