பூவுக்குள் புழு: ஆகஸ்டில் கஞ்சாச் செடியைக் காப்பது

தெற்கு ஒன்டாரியோவில் ஆகஸ்ட் பாதியைத் தாண்டினால், பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்க இறங்க, கொல்லையில் நிற்கும் கஞ்சாச் செடி பூவுக்குத் திரும்பிவிடும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் நடுவிலோ அறுவடை. கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றி வளர்த்ததெல்லாம் இந்த இடைப்பட்ட சில வாரங்களில் புழுவுக்கும் பூஞ்சணத்துக்கும் போய்விடுகிறது என்பதைச் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேரிடம் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படி செல்லும், ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கத் தடை இருக்கிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இலங்கையிலும் தடைதான். ஆகவே ஊரில் இருப்பவர்களுக்காக நான் இதை எழுதவில்லை.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன், கத்தரியும் பாகலும் அள்ளி விளைவிக்கிறவர், போன வருடம் வேலியோரம் வந்து நின்று, “வேப்பெண்ணெய் அடிச்சாச் சரிதானே தம்பி, உதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்?” என்று கேட்டார். நம்மில் யாராக இருந்தாலும் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் கஞ்சாப் பூவின் மேல் முழுக்கப் பிசின் சுரக்கும் நுண்ணிய முடிகள் இருக்கின்றன, அதில் பட்ட எண்ணெய் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்காயைக் கழுவி வேகவைத்துச் சாப்பிடுகிறோம். இதைக் காயவைத்து, கொளுத்தி, புகையை நேராக நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் பரவாயில்லை என்கிற மருந்து சூட்டில் என்னவாக மாறும் என்பது வேறு கேள்வி. மைக்ளோபியூட்டானில் என்றொரு பூஞ்சணக்கொல்லி, திராட்சைக்கெல்லாம் அடிப்பது, அதைச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். 2016, 2017-இல் கனடாவில் மருத்துவக் கஞ்சா சில தொகுதிகளில் அது இருப்பது தெரிந்து திரும்பப் பெற்றார்கள். வேப்பெண்ணெயும் அது போலத்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இங்கே அதை இலையை மினுக்கும் எண்ணெய் என்றுதான் பெரும்பாலும் கடையில் விற்கிறார்கள். பூ திரண்ட பிறகு எந்த எண்ணெயும், எந்தச் சோப்புக் கரைசலும், பூண்டு மிளகாய்க் கரைசலும் வேண்டாம் என்பதுதான் என் முடிவு. அண்ணனுக்கும் அதையேதான் சொன்னேன்.

சரி, பிறகு என்னதான் செய்வது? அந்துப்பூச்சியில் தொடங்குவோம், இங்கே அதிக நாசம் செய்வது அதுதான். மக்காச்சோளத்தைத் துளைக்கும் ஐரோப்பியத் தண்டுத் துளைப்பான், நம் ஊரில் பச்சைப்புழு என்று சொல்வோமே அதன் அமெரிக்க உறவான கதிர்ப்புழு, இரண்டுக்கும் கஞ்சா பிடிக்கும். தண்டுத் துளைப்பான் போன வருடச் சோளத்தட்டைக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வரும். கதிர்ப்புழுவின் அந்து தெற்கே அமெரிக்காவிலிருந்து காற்றோடு கோடையின் பிற்பாதியில் வந்து சேரும். சுற்றிலும் சோளக்கொல்லை இருக்கிற தென்மேற்கு ஒன்டாரியோவில் இரண்டையும் எதிர்பார்த்தே இருக்க வேண்டும். துளைப்பானின் முட்டைகள் இலையின் அடிப்பக்கம் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும், கண்ணில் பட்டால் அந்த இலையையே கிள்ளிவிடுங்கள்.

பூவுக்குள் புழு போய்விட்டதா என்பது வெளியிலிருந்தே தெரியும், ஆனால் தினமும் பார்க்க வேண்டும். கொத்து முழுக்கப் பச்சையாக இருக்கும், நடுவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் வாடி மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிற்கும். அதைப் பிடித்து மெல்ல இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால் அடியில் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரலால் கொத்தைப் பிளந்து பார்த்தால் கரும்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக எச்சம், லேசான நூல், அதன் நடுவே உடலைச் சுருட்டிக்கொண்டு புழு. அந்த எச்சமும் கடிபட்ட ஈரத்தசையும்தான் சாம்பல் பூஞ்சணத்துக்குத் தொடக்கம். புழுவை மட்டும் எடுத்துவிட்டு விட்டால் நாலைந்து நாளில் அதே இடம் அழுகி அக்கம்பக்கமும் பரவும், ஆகவே கெட்ட பகுதிக்குக் கீழே நல்ல பச்சை தெரிகிற வரை வெட்டி, பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும்.

இதற்கு முன்னாலேயே தடுக்க இரண்டு வழி. ஒன்று வலை. ஜூலைக் கடைசியில், ஆகஸ்ட் அந்து முட்டையிட வருவதற்கு முன், செடிக்கு நாலு கம்பு நட்டு மெல்லிய பூச்சிவலையைப் போர்த்தி அடியில் கட்டிவிடுவது. இலையில் வலை உரசக் கூடாது, காற்று தாராளமாகப் போக வேண்டும். இன்னொன்று பி.டி. (Bt) என்கிற பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ், அதிலும் குர்ஸ்டாகி வகை. இது பாக்டீரியா. புழு இலையோடு சேர்த்துத் தின்றால்தான் வேலை செய்யும், அதன் குடலின் காரத்தில் கரைந்து குடல் சுவரைக் கிழிக்கும். அதனால் சின்னப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும், பூவுக்குள் நுழைந்துவிட்ட பெரிய புழுவுக்கு அவ்வளவாகக் கேட்காது. வெயில் அதைச் சில நாளில் சிதைத்துவிடும், மழையும் கழுவிவிடும், எனவே சாயங்காலம் அடித்து வாரம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். பூ அரும்பும்போதே நிறுத்திவிடுகிறேன். லேபிளில் கஞ்சா என்று பயிரின் பெயரே இருக்கிற பொருளை மட்டும் வாங்குங்கள், தக்காளிக்கு என்று போட்டிருப்பதை இதற்கு அடிக்காதீர்கள்.

சாறு உறிஞ்சும் செம்பேன், அசுவினி இரண்டையும் ஜூலையிலேயே தீர்த்துவிட வேண்டும். வறண்ட வெயிலில் இலையில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், செம்பேன் இருந்தால் காலையில் ஹோஸைக் கீழிருந்து மேலாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். கொத்து இறுகிய பிறகு அதைச் செய்தால் உள்ளே ஈரம் தங்கி அழுகல் வரும். அசுவினிக்கு எறும்பு காவல் நிற்கும், எறும்பு ஏறுகிறதென்றால் மேலே தேடுங்கள். தழைச்சத்து உரத்தையும் அந்த நேரத்தில் குறைத்துவிடுங்கள், கொழுத்த இளந்தளிர் இருக்கிற இடத்தில்தான் அது பெருகும்.

அசுவினியைத் தின்னும் என்று கடையில் டப்பாவில் பொறிவண்டு விற்கிறார்கள். திறந்துவிட்டால் பெரும்பாலும் பறந்துபோய்விடும், இருப்பவற்றிலும் சில பிசினில் ஒட்டிச் செத்துக்கிடக்கும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு நல்லது, இறக்கை இல்லாததால் அங்கேயே மேயும், ஆனால் அதையும் பூவுக்கு முன் விட்டால்தான் பலன்.

அறுவடை நாளில், வெட்டிய கிளைகளைத் தலைகீழாகப் பிடித்து வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, நன்றாக உதறி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் தூசி, அசுவினித் தோல், எச்சம் எல்லாம் தண்ணீரில் மிதந்து வருவதைப் பார்க்கலாம். அப்புறம் அடிக்கட்டையையும் உதிர்ந்த இலையையும் அப்படியே போட்டுவைக்காதீர்கள். கஞ்சா அசுவினி வேறெந்தச் செடியிலும் வாழாது, குளிர்காலத்தை முட்டையாக இந்தச் சருகிலேயே கழிக்கும். தண்டுக்குள் துளைப்பானும் இருக்கலாம். வேரோடு பிடுங்கி, நவம்பர் உறைபனிக்கு முன் அந்த இடத்தைச் சுத்தமாகக் கூட்டி அள்ளிவிடுங்கள்.