சார்ல்ஸ்டனில் பழைய வீடு வாங்கினோம்

தெற்கு கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் பழைய வீடு வாங்கப் போகிறோம் என்றதும் அலுவலக நண்பர் விலையைக் கேட்கவே இல்லை, "தெருவில் தண்ணீர் எதுவரை ஏறும்?" என்றுதான் கேட்டார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது.

நாங்கள் பார்த்தது 'சிங்கிள் ஹவுஸ்' வகை. தெருப் பக்கம் ஓர் அறை அகலம்தான், மற்றதெல்லாம் பின்னால் நீளமாகப் போகும். தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டோம், பக்கவாட்டில் ஓடும் தாழ்வாரத்தில் நிற்போம், அதை இந்த ஊரில் பியாஸா என்கிறார்கள். அந்தக் கதவிலேயே நான் மனசைப் பறிகொடுத்துவிட்டேன். கணவர் மட்டும் சுவரில் தெரிந்த இரும்பு வட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். 1886 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுவர்கள் பிரிந்துபோகாமல் இருக்க உள்ளே குறுக்காகக் கம்பி கொடுத்து வெளியே தகடு வைத்து முடுக்கியிருக்கிறார்கள்.

சோதிக்க வந்த பொறியாளருக்கு அந்தக் கம்பிகளைப் பற்றிக் கவலை இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் செங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசியிருந்ததுதான் அவரை உலுக்கியது. பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புக் கலவையோடுதான் ஒத்துப்போகும், சிமெண்ட் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிர ஆரம்பிக்கும். அதைச் சுரண்டி எடுக்கும் செலவைக் காட்டி விலையைக் குறைத்தோம். கரையான் அறிக்கை தனி, அதற்கு இங்கே சிஎல்-100 என்று பேர்.

அப்புறம் காப்பீடு. வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, அதைத் தனியாக வாங்க வேண்டும், அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான், மிச்சத்துக்குத் தனியாரிடம் போக வேண்டும். முகவர் முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியில் வந்த தொகைக்கும் சம்பந்தமே இல்லை. வீடு பிடித்துப்போகும் முன்பே, அதன் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் தரைமட்டச் சான்றிதழைக் கேளுங்கள், நாங்கள் தாமதமாகக் கேட்டோம்.

ஜன்னலை மாற்றலாம் என்று நினைத்தால் அதுவும் நம் இஷ்டம் இல்லை. 1931லேயே சட்டம் போட்டுப் பழைய பகுதியைப் பாதுகாத்த ஊர் இது. தெருவிலிருந்து தெரியும் எதைத் தொட்டாலும் நகரத்தின் கட்டடக்கலை வாரியம் பார்க்கும். சரி என்று பழைய மரச்சட்டங்களையே செப்பனிட்டோம். பத்திரம் வழக்கறிஞர் முன்னிலையில் முடிந்தது. நாமே குடியிருக்கிறோம் என்று கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் மனு கொடுத்தால், வீட்டு மதிப்பில் சொத்துவரிக்குக் கணக்கில் எடுக்கும் பங்கு 6 சதவீதத்திலிருந்து 4 ஆகும், யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

விற்பனை விளம்பரத்தில் பின்கட்டை 'விருந்தினர் இல்லம்' என்று போட்டிருந்தார்கள். அது சமையல் கட்டு. அந்தக் காலத்தில் அதன் மாடியில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்கள் படுத்திருந்தார்கள். சுவரில் ஒரு செங்கல்லில் ஈரமாக இருக்கும்போது பதிந்த விரல் தடம் இருக்கிறது, என் விரலைவிடச் சின்னது. வாடகைக்கு விட்டால் நல்ல பணம் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.