ஒரே மீட்டர், இரண்டு குடும்பம்: உரிமைத்தொகை மேல்முறையீட்டில் நான் பட்ட பாடு

தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் தருகிற கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ஒருவழியாக எனக்கு வர ஆரம்பித்துவிட்டது. நிம்மதிதான். ஆனாலும் நடுவில் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிற பெண்கள் நிறையப் பேருக்கு இதே சிக்கல் வரும்.

முகாம், விண்ணப்பம், கைரேகை எல்லாம் சுலபமாக முடிந்தது. அப்புறம் நிராகரிப்பு என்று குறுஞ்செய்தி வந்தது. காரணம், மின் பயன்பாடு. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் போனால் தொகை இல்லை. அதாவது இரண்டு மாத பில்லுக்குச் சராசரி 600 யூனிட்தான் வரம்பு. நாங்கள் இருப்பது வாடகை மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம், இரண்டுக்கும் ஒரே மீட்டர். போதாததற்கு என் பவர் மெஷின்.

விசாரிக்கப் போன அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "வீட்டுல மெஷின் ஓடுதுன்னா வருமானம் இருக்குல்ல, அப்புறம் எதுக்கும்மா இது?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. சம்பாதிக்கவே கூடாது என்று எங்கேயும் இல்லை. அதைச் சொன்னேன், அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மூலம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று சொன்னதே வரிசையில் நின்ற ஒரு அக்காதான். அங்கே போனால் சர்வர் வேலை செய்யவில்லை. கெடு நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கியது.

பெரிய தடை வீட்டுக்காரர்தான். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்று எழுதிக் கொடுத்தால் தனக்கு ஏதாவது வம்பு வருமோ என்று பயந்தார். கடைசியில் அவர் மனைவிதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். அதே மீட்டரால் அவருடைய விண்ணப்பமும் போயிருந்தது. மாடிப்படிக்குக் கீழே எங்கள் பங்குக்கு ஒரு சப் மீட்டர் இருக்கிறது. அதன் ரீடிங்கை வீட்டுக்காரர் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதி, பணம் வாங்கியதும் கையெழுத்துப் போடுவார். கள விசாரணைக்கு வந்தவர் அந்த நோட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச் சொல்லுக்கு யாரும் காது கொடுப்பதில்லை.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுத் தங்கைக்கு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை வந்தது. மாதம் 12,000, பி.எஃப். உண்டு. போக மாட்டேன் என்றுவிட்டாள். "பி.எஃப். பிடிச்சா கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிடும்க்கா, மாசம் ஆயிரம் போயிடும்." உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவள் கணவருக்கு மாதம் 8,000. இரண்டும் சேர்ந்தால் ஆண்டுக்கு 2,40,000, வரம்புக்குள்தான். அப்படியே தாண்டினாலும் போவது 12,000, வருவது 1,44,000. அவளுக்கு இது புரியாமல் இல்லை. கம்பெனி வேலை ஆர்டர் இல்லையென்றால் நின்றுவிடும், பெயர் ஒருமுறை நீங்கினால் மறுபடி சேர்க்க என்னைப் போல அலைய வேண்டும், அதுதான் அவள் பயம். அதனால் கணக்கில் வராத கூலிக்கு வீட்டிலேயே காஜா, பட்டன் கட்டிக்கொண்டு இருந்தாள்.

காசு கொடுத்தால் உழைக்க மாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவளைத் தடுத்தது ஆயிரம் ரூபாய் அல்ல, ஒரு ரூபாய் கூடினாலும் மொத்தமும் போய், மறுபடி சேர அலைய வைக்கிற வரம்பு. வருமானம் ஏற ஏறத் தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் யார் வேலையை மறைக்கப் போகிறார்கள்? மத்தியப் பிரதேசக் கிராமங்களில் 2011-ல் சேவா என்கிற பெண் தொழிலாளர் அமைப்பு நிபந்தனை இல்லாமல் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு முதலில் 200 ரூபாய், அப்புறம் 300. அங்கே உழைப்பு குறையவில்லை. கூலி வேலையை விட்டுச் சொந்த நிலத்தில், சொந்தத் தொழிலில் இறங்கியவர்கள்தான் கூடினார்கள். என் விஷயத்திலும் அதுதான். நூலும் ஊசியும் இந்தப் பணத்தில் வாங்கிவிடுவதால் தைக்கத் துணி கொடுக்கிறவரிடம் முன்பணம் கேட்பதில்லை. போன தடவை அவர் ரேட்டைக் குறைத்தபோது முடியாது என்று சொல்லிவிட்டேன், பழைய ரேட்டுக்கே கொடுத்தார். முன்பு அப்படிச் சொல்லத் தைரியம் இருந்ததில்லை.

தங்கை இப்போது அந்தக் கம்பெனியில் இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறாள்.

மேல்முறையீடு செய்கிறவர்கள் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். எனக்கு முதல் மாதம் நான் மறந்தே போன பழைய கணக்குக்குப் பணம் போய், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தது.