பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது எதை வாங்கினோம், எதை வாங்கவில்லை

கும்பகோணம் பக்கம் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டைப் புதுப்பிக்கும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளாகப் பார்த்துப் போடப்போகிறோம் என்று முன்பே எல்லோரிடமும் சொல்லியிருந்ததால், எந்த பெயின்ட், எந்த டைல்ஸ், எந்த ப்ளைவுட் என்று நண்பர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பிராண்டு பெயர் தேடி வருபவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. ஒரு பொருள் போய்ச் சேரப்போகும் சுவர் எப்படிப்பட்டது, பத்து வருஷம் கழித்து அதைப் பழுதுபார்க்க ஊரில் ஆள் இருப்பாரா, இந்த இரண்டையும் பார்க்காமல் டப்பாவில் இருக்கும் பச்சை இலைப் படத்தைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை என்பது என் திடமான எண்ணம். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும். செலவுக் கணக்கு அப்படியே இருக்கட்டும். சுட்ட செங்கல், தேக்கு உத்திரம், மங்களூர் ஓடு என்று இந்த வீட்டுக்காக எரிக்க வேண்டிய விறகையும் வெட்ட வேண்டிய மரத்தையும் எப்போதோ எரித்தாயிற்று, வெட்டியாயிற்று. அதை இடித்தால் அத்தனையும் குப்பை, மேலே இன்னொரு முறை சிமெண்ட், கம்பி, மணல். அந்த இடிபாடு எங்கே போகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சென்னையில் கட்டட இடிபாடுகளைப் பிரித்து மறுபடி பயன்படுத்த கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் ஆலைகள் இருக்கின்றன. எங்கள் ஊரில் டிராக்டரில் ஏற்றிவிட்டால் அது ஏதாவது வாய்க்கால் கரையில்தான் கொட்டப்படும், அடுத்த மழைக்குத் தண்ணீர் போக வழியிருக்காது. அதனால் நிற்கக்கூடிய எதையும் இடிப்பதில்லை என்பதுதான் நாங்கள் எடுத்த முதல் முடிவு. இன்றுவரை எடுத்ததிலேயே பெரிய முடிவும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஓதம். டெல்டாவில் பழைய வீடு வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரம் ஏறி, உப்பு பூத்து, பெயின்ட் உப்பலாகக் கிளம்பிப் பொடிப்பொடியாக உதிரும். எங்கள் வீட்டில் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஒப்பந்தக்காரர் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, அதற்கு மேலே வாட்டர் ப்ரூஃப் பெயின்டும் அடித்துக் கொடுத்தார். இரண்டு மழை தாங்கியது. அதற்குப் பிறகு ஈரம் முன்பைவிட உயரமாக, ஜன்னல் மட்டம் வரை ஏறிவிட்டது.

காரணம் எளிமையானது. சுண்ணாம்பிலும் செம்மண்ணிலும் வைத்துக் கட்டிய செங்கல் சுவர் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றுப்பட்டதும் வெளியே விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருப்பதால் ஈரம் அதன் வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் பூச்சும் அதன் மேல் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஒட்டிக்கொள்ளும் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. போக வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது, உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து படிகமாகி, பூச்சைச் சுவரிலிருந்து தள்ளுகிறது. கடைக்காரர் அடுத்து ஒரு கெமிக்கல் கோட்டிங் காட்டுவார், அதற்கடுத்து இன்னொன்று. எல்லாமே ஈரத்தை உள்ளே பூட்டும் வேலைதான்.

பூச்சுக்குப் போகும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுசாகப் போட்டுப் போட்டு, ரோடு எங்கள் திண்ணை மட்டத்துக்கு வந்துவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அரசே சொல்லியும் எல்லா இடத்திலும் அது நடப்பதாகத் தெரியவில்லை. மழைத் தண்ணீர் சுவரை ஒட்டியே நின்றுகொண்டிருந்தது. சுவரை ஒட்டி ஒரு பள்ளம் எடுத்து, கருங்கல் ஜல்லி போட்டு, தண்ணீர் கொல்லைப் பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். உடைந்த தகரத் தூம்பை மாற்றினோம். பூச்சுக்கென்று எந்தப் பொருளும் வாங்காமல் செய்த இந்த வேலைதான் பாதி ஓதத்தைக் குறைத்தது.

அப்புறம் சிமெண்ட் பூச்சை முழுக்க எடுத்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். சிமெண்டுக்குச் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பம் வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவு போதும். சுடும்போது இரண்டுமே கரியமில வாயுவை விடுகின்றன, ஆனால் சுண்ணாம்பு சுவரில் இறுகுவதே காற்றிலிருந்து அந்த வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது என்பதை யோசித்தால், ஒரு வீட்டின் எல்லாச் சுவர்களுக்கும் சிமெண்ட் மூட்டை இறக்காமல் இருப்பது சின்ன விஷயமில்லை.

வேலை எப்படி நடந்தது என்று கேட்டால், சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீற்றினார்கள். தண்ணீர் பட்டதும் கொதிக்கும், தெறித்தால் கண் போய்விடும், ஆகவே குழந்தைகளையும் நாய் பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், வேலையாட்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். நீற்றிய பின் ஊறவிட வேண்டும், எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு வழவழப்பு வரும். ஆற்றுமணலுக்குப் பதிலாக பி-சாண்ட், அதாவது கருங்கல்லை உடைத்துச் செய்யும் பூச்சு மணல், எடுத்துக்கொண்டோம், கொள்ளிடம் இன்று எப்படிக் கிடக்கிறது என்று பார்த்த பிறகு ஆற்றுமணல் கேட்க மனசு வரவில்லை. அதோடு உடைந்த செங்கலை இடித்துச் சலித்த தூளையும் கலந்தோம். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரமான இடத்திலும் சுண்ணாம்பு நன்றாக இறுகும். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கலவைக்கு ஊற்றினார்கள். ஒன்று முக்கியம்: கொத்தி எடுத்த பழைய காரையைச் சலித்து மறுபடி சேர்க்கலாம் என்று தோன்றும், ஆனால் உப்பு ஏறிய காரையைச் சேர்த்தால் அந்த உப்பு திரும்ப வரும். அதைத் தள்ளிவிடுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம். எங்களுக்குக் கிடைத்தவர் கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்தவர், வயதானவர். "தம்பி, இது சிமெண்ட் இல்லை, அவசரப்படுத்தினா வெடிச்சிடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரு கை பூசிக் காயவிட்டு, தண்ணீர் தெளித்து, அடுத்த கை. கூலி கூடுதலாகத்தான் ஆனது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பொருளுக்குக் கொடுக்கிற பணம் தொலைதூர ஆலைக்குப் போகாமல் வேலை செய்கிறவர் கைக்குப் போகிறது. அவரோடு வந்த இரண்டு இளம் பையன்கள் வேலையைக் கற்றுக்கொண்டது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். வாசனையில்லாத, விஓசி (ஆவியாகிப் பரவும் ரசாயனம்) குறைவான பெயின்ட் என்று கடையில் நிறைய இருக்கிறது. அடிக்கும்போதும் அடித்த பிறகும் வீட்டுக்குள் பரவும் ரசாயன ஆவி குறைவு என்பது நல்லதுதான், அடுக்குமாடியில் சிமெண்ட் சுவருக்கு நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அந்த ஸ்டிக்கர் ஆவியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. டப்பாவுக்குள் இருப்பது அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்தான், எங்கள் சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் திரும்பவும் துளைகளை அடைத்துவிடும். ஆகவே வெள்ளையடித்தோம், பழைய முறையில், கொஞ்சம் வஜ்ஜிரப் பசையும் கொஞ்சம் நீலமும் சேர்த்து. சாய்ந்தால் சட்டையில் லேசாக ஒட்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை, பொங்கலுக்கு வெள்ளையடித்தே பழகியவர்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, எங்கள் ஜன்னல் கம்பியிலும் கதவிலும் அந்தப் பச்சை எனாமல் அடுக்கடுக்காக இருந்தது. அதை உலர்ந்தபடி மெஷின் வைத்துத் தேய்த்தால் தூசு வீடு முழுக்கப் படியும். ஈரமான உப்புத்தாள் வைத்து, தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் அந்த நாட்களில் அவர்களை வேறு வீட்டில் வையுங்கள். கொல்லையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தாலும் இதே கவனம் வேண்டும். அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். உடையாமல் நன்றாக இருந்தால் தொடாமல் விடுவதே பாதுகாப்பு.

தரை பெரும்பாலும் காவித் தரை. விரிசல் இருக்கிற இடத்தை மட்டும் சரிசெய்து தேய்த்து எடுத்ததில் அது புதுசாகிவிட்டது. ஒரே ஒரு அறையில் தரை முழுக்க உடைந்து கிடந்தது, அங்கே ஆத்தங்குடி கல் போட்டோம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் இதைச் செய்வதைப் பார்க்கப் போயிருந்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது, பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. இதிலும் சிமெண்ட் இருக்கிறது. ஆனால் விட்ரிஃபைட் டைல்ஸ் 1,200 டிகிரி அளவில் சுடப்பட்டு, பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. எங்களுக்குக் கணக்கு எளிதாக முடிந்தது. ஆத்தங்குடி கல்லுக்கு ஆசிட் ஆகாது, வெறும் தண்ணீரில் துடைத்து எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாக நாளாக மெருகேறும்.

கூரையில் மங்களூர் ஓட்டை இறக்கி, கழுவி, நல்லதை மறுபடி ஏற்றினோம். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் இது, அந்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறாததால் உடைந்ததற்கு ஈடாக ஊரில் இடிக்கிற வீடுகளிலிருந்தே ஓடு கிடைத்தது, சரியாகப் பொருந்தியது. கலர் ஷீட் போடச் சொன்னவர்கள் மே மாதம் மத்தியானம் அதன் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தின் பனங்கைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினோம், கரையானுக்கு எதிராக நல்ல காப்பு, ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சமையலறைக்கு மாடுலர் கிச்சன் வேண்டாம் என்று முடிவுசெய்தோம். மலிவான ப்ளைவுட்டும் பார்ட்டிகிள் போர்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் ஒட்டப்படுகின்றன. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது, அது அலமாரிக்குள்ளிருந்து நீண்ட நாள் கசிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் பட்டால் பலகை உப்பி, தூக்கிப்போடுவதைத் தவிர வழியிருக்காது. கடப்பா கல் அடுக்கு, அதற்கு இடித்த வீட்டுத் தேக்குப் பலகையில் ஆசாரி செய்த கதவு, இவ்வளவுதான். ப்ளைவுட் தவிர்க்க முடியாதவர்கள் இந்தக் கசிவு குறைவு என்பதைக் காட்டும் ஈ-0 அல்லது ஈ-1 என்று குறியிட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஃபேன் மட்டும் எல்லாம் புதிது, பழையது 75 வாட் இழுத்த இடத்தில் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது.

பாத்ரூமில் சிமெண்ட்தான் போட்டோம். தினமும் தண்ணீர் ஊற்றுகிற இடம், அதுவும் வயதான அம்மா வழுக்காமல் நடக்க வேண்டிய இடம், அங்கே நான் பரிசோதனை செய்ய விரும்பவில்லை. சிமெண்டிலும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) வாங்கினோம், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும், அந்த அளவுக்குச் சூளையில் எரிக்க வேண்டியது குறைகிறது. பாத்ரூம் சுவரை வீட்டின் பழைய சுவரோடு ஒட்டாமல் சின்ன இடைவெளி விட்டுத் தனியாகச் சாம்பல் செங்கல்லில் கட்டினோம், குழாய்களை எல்லாம் சுவருக்கு வெளியே தெரிகிற மாதிரி ஓட்டினோம். பார்க்க அழகாக இல்லை என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். எங்கே கசிந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும், அது போதும் எங்களுக்கு.

மீதி இருப்பது தெருப்பக்கச் சுவரும் திண்ணையும். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு பூச முடியாது என்று கொத்தனார் நிறுத்தி வைத்திருக்கிறார், தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். டெல்டா பக்கம் யாருக்காவது சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். அவருக்கும் அந்தப் பையன்களுக்கும் தொடர்ந்து வேலை கிடைத்தால் நன்றாக இருக்கும்.