வள்ளியூர் வேலையும் திசையன்விளை அத்தையும்

வள்ளியூரில் தணிக்கை வேலை என்றதும் முதலில் பையில் வைத்தது குரோஷா பின்னும் கொக்கி ஊசியும் நூற்கண்டும்தான். வேலை வழக்கம்போல. சாயங்காலம் பஸ் பிடித்துத் திசையன்விளை அத்தை வீடு.

அத்தை இடையன்குடியில் லேஸ் பின்னப் படித்தவர். 1844-இல் கால்டுவெல்லை மணந்து வந்த எலைசா அந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த கலை. எலைசாவின் அம்மா அதற்கு முன்பே நாகர்கோவிலில் தொடங்கிவிட்டார். திண்டுமேல் குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை அது. குரோஷாவுக்கு ஒற்றை ஊசி போதும். ஆனாலும் என் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நூலை இறுக்காத, தளர விடு" என்றார். அப்புறம் ஓரம் அழகாகப் படிந்தது. எவ்வளவு சந்தோஷம்!

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை சித்தி வீடு. பேத்திக்குத் தொப்பி கேட்டிருக்கிறார், மஞ்சள் நிறத்தில்.